குறி பார்ப்பது கையா, கருவியா?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில் துப்பாக்கி சுடும் திறன் என்பது தாளில் எழுதிய ஓர் எண். ஆட்டக்காரரின் கையில் இருப்பவை ஒரு பென்சிலும் சில பகடைகளும்தான். அவர் ஏற்றிருக்கும் பாத்திரத்தின் வலு, சுறுசுறுப்பு, கற்ற தொழில் எல்லாம் எண்களாக அந்தத் தாளில் இருக்கும். “மாடியிலிருந்து காவலாளியைச் சுடுகிறேன்” என்று அவர் சொன்னதும், ஆட்டத்தை நடத்துபவர் தூரத்தையும் இருட்டையும் மறைப்பையும் கணக்குப் போட்டு, எட்டவேண்டிய எண்ணைச் சொல்வார். பகடை உருளும். தாயத்தில் கட்டை விழுந்தபடி காய் நகரும். இங்கே பகடை விழுந்தபடி கதை நகரும். திறன் எண் பெரிதாக இருந்தால் பகடை கொஞ்சம் மோசமாக விழுந்தாலும் குறி தப்பாது.

வாளும் மந்திரமும் நிறைந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தபோது இந்த ஏற்பாட்டில் பெரிய குழப்பம் இல்லை. வாள் வீசுவது வீரனின் தோள். அந்த எண் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளில், 1977இல், விண்வெளிப் பயணத்தைக் களமாகக் கொண்ட ‘டிராவலர்’ வந்தது. 1986இல் ‘கர்ப்ஸ்’, 1988இல் ‘சைபர்பங்க்’, 1989இல் ‘ஷேடோரன்’. இந்த விளையாட்டுகள் காட்டும் எதிர்கால உலகங்களில் துப்பாக்கிக்குக் கண் உண்டு, கணினி உண்டு. சுடுபவரின் நரம்போடு கம்பியால் இணைந்து, தோட்டா எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் கண்ணுக்குள்ளேயே புள்ளியாகக் காட்டும். அப்படியானால் தாளில் எழுதியிருக்கும் சுடும் திறன் யாருடையது? மனிதருடையதா, கருவியுடையதா? ஒவ்வொரு விளையாட்டும் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அது விளக்கமாக எழுதப்பட்டிருக்காது. கூட்டல் கழித்தலில் ஒளிந்திருக்கும்.

அந்த விடைகளைப் பார்க்கும் முன், சுடும் திறன் என்று ஒரே சொல்லில் நாம் கட்டிவைத்திருக்கும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது நல்லது. சராசரியாக நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா 400 மீட்டரைக் கடக்க அரை நொடி எடுக்கும். அந்த அரை நொடியில் அது 1.2 மீட்டருக்குச் சற்று மேலாகவே கீழே இறங்கிவிடும். குறுக்கே சாதாரணமாக நடந்துபோகும் ஒருவர் அதே நேரத்தில் முக்கால் மீட்டர் நகர்ந்திருப்பார். ஆக, ஆள் தெரிகிற இடத்தைக் குறி வைத்தால் தோட்டா அவர் காலடிக்கும் கீழே, அவருக்குப் பின்னால் போய்விழும். பழகிய கை இதையெல்லாம் யோசிக்காமலே சரிக்கட்டும். தூரத்தைக் கண்ணால் அளப்பது, காற்றுக்கு ஒதுக்கம் விடுவது, மூச்சை நிறுத்தி விசையை இழுப்பது, குழல் ஆடாமல் பிடிப்பது இவையெல்லாம் ஒரு பாதி. எதைச் சுடவேண்டும், எப்போது சுடக்கூடாது, எங்கே பதுங்கவேண்டும், துப்பாக்கி அடைத்துக்கொண்டால் என்ன செய்யவேண்டும், எதிரே குண்டு பறக்கும்போது கை நடுங்காமல் இருப்பது எப்படி என்பது இன்னொரு பாதி. குறிபார்க்கும் கருவி முதல் பாதியை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பாதி மனிதரிடமே இருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. 1980களில் அமெரிக்காவின் அப்பாச்சி ஹெலிகாப்டரில் விமானி தலையைத் திருப்பிய பக்கம் 30 மி.மீ. பீரங்கியின் குழலும் திரும்பியது. டெக்சாஸைச் சேர்ந்த டிராக்கிங்பாயின்ட் நிறுவனம் 2013இல் விற்கத் தொடங்கிய துப்பாக்கியில், சுடுபவர் முதலில் ஒரு பொத்தானை அழுத்தி இலக்குக்கு அடையாளம் வைக்கவேண்டும். பிறகு விசையை அழுத்திப் பிடித்தாலும் துப்பாக்கி உடனே சுடாது. குழல் அடையாளத்தோடு சரியாகப் பொருந்தும் கணத்தில்தான் சுடும். அப்போது அதன் விலை 20,000 டாலருக்கும் மேல். 2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை தன் புதிய துப்பாக்கிகளுக்கு எக்ஸ்எம்157 என்ற குறிபார்ப்புக் கருவியைத் தேர்ந்தெடுத்தது. லேசரால் தூரம் அளந்து, காற்றழுத்தமும் வெப்பமும் பார்த்து, எங்கே குறி வைக்கவேண்டும் என்பதை அது தானே கணக்கிட்டுக் காட்டும். விளையாட்டுக்காரர்கள் 1980களில் பகடைக்குள் கொண்டுவந்த விஷயம் இப்போது படைமுகாமுக்கு வந்திருக்கிறது.

கருவிக்கு இடம் கொடுக்க எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, திறனோடு ஓர் எண்ணைக் கூட்டிவிடுவது. 1990இல் வந்த ‘சைபர்பங்க் 2020’ இதைத்தான் செய்தது. பாத்திரத்தின் அனிச்சை வேகம், ஆயுதப் பயிற்சி, பத்து முகப் பகடையில் விழும் எண் மூன்றையும் கூட்டவேண்டும். கிட்டத்தில் 15, நடுத் தூரத்தில் 20, தொலைவில் 25 வரவேண்டும். மூளையோடு இணைந்த ஸ்மார்ட்கன் இருந்தால் 2 கூடும். பார்ப்பதற்கு நியாயமான விதி. வல்லவருக்கும் 2, கற்றுக்குட்டிக்கும் 2.

ஆனால் ஒரே 2 எல்லாருக்கும் ஒரே பலன் தருவதில்லை. வேகம் 8, பயிற்சி 6 உள்ள ஒருவர் நடுத் தூரத்தில் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழவேண்டும்; வாய்ப்பு பாதிக்குப் பாதி. கருவி இருந்தால் 4 போதும். வாய்ப்பு 70 சதவீதம். வேகம் 5, பயிற்சி 2 உள்ள புதியவர் அதே இடத்தில் சுட்டால் பகடையில் 13 வேண்டும். 10 விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம் என்ற விதியை வைத்து அவருக்கு 8 சதவீதம் தேறும். கருவியைப் பொருத்தினால் 11 வேண்டும். வாய்ப்பு 10 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். அதே புதியவர் கிட்டத்தில் சுட்டால் 30 சதவீதம் 50 ஆக உயர்கிறது. அதாவது, கைக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற இலக்கில்தான் கூட்டல் விதி உதவுகிறது. எட்டவே எட்டாததற்கும், ஏற்கெனவே எளிதாக எட்டுவதற்கும் அது அதிகம் செய்வதில்லை. இதே தொடரில் பின்னர் வந்த ‘சைபர்பங்க் ரெட்’ ஸ்மார்ட்கன் இணைப்பின் கூட்டலை 1 ஆகக் குறைத்துவிட்டது. மனிதரின் கைப்பழக்கத்துக்கு அதில் மதிப்பு சற்றுக் கூடியிருக்கிறது.

‘டிராவலர்’ விளையாட்டில் இரண்டு ஆறுமுகப் பகடைகள்; கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. அதன் பிற்காலப் பதிப்புகளில் பயிற்சியே இல்லாதவர் சுட்டால் 3 கழியும். அவருக்கு 11 வேண்டும். வாய்ப்பு 36இல் 3. ஒரே ஒரு கூட்டல் கிடைத்தால் அது 36இல் 6 ஆகிறது, அப்படியே இரட்டிப்பு. பயிற்சி 2 உள்ளவருக்கு அதே கூட்டல் 36இல் 26ஐ 30 ஆக்குகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் தேர்ந்தவருக்கு நாலு வாய்ப்பு கூடுகிறது, புதியவருக்கு மூன்றுதான். ஆனால் மேசையில் இருப்பவர்களுக்கு உறைப்பது புதியவரின் இரட்டிப்பே.

‘ஷேடோரன்’ முதல் பதிப்பு வேறு வழியில் போனது; இந்தத் துறையில் மிகத் துணிச்சலான விதி அதுதான். அங்கே திறன் என்பது கையில் எடுக்கும் பகடைகளின் எண்ணிக்கை. திறன் 3 என்றால் மூன்று பகடை, 6 என்றால் ஆறு. ஒவ்வொரு பகடையும் தனித்தனியாக இலக்கு எண்ணை எட்டவேண்டும். கிட்டத்தில் இலக்கு எண் 4, நடுவில் 5, தொலைவில் 6. உடலில் பொருத்திய ஸ்மார்ட்லிங்க் இருந்தால் இந்த எண்ணிலிருந்தே 2 கழியும். கருவி பகடையைக் கூட்டவில்லை. ஒவ்வொரு பகடைக்கும் வேலையை எளிதாக்கியது.

மேசையில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இதன் வலு புரியும். தெருமுனைக் காவலாளி ஒருவன், திறன் 3. எதிரே தொலைவில் ஓர் ஆள். மூன்று பகடை உருள்கிறது: 2, 4, 5. இணைப்பு இல்லாவிட்டால் 6 வேண்டும், மூன்றும் வீண். இணைப்பு இருந்தால் 4 போதும். இரண்டு பகடை குறியில். அதே மேசை, அதே பகடை, அதே மனிதன். ஒரு பகடையில் 6 விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. 4 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு பாதி. வாய்ப்பு மூன்று மடங்காகிவிட்டது. ஆயுள் முழுக்கச் சுட்டுப் பழகிய, திறன் 6 உள்ள ஒரு கிழட்டுப் போராளி இணைப்பில்லாத துப்பாக்கியோடு அதே தூரத்தில் சுட்டால் சராசரியாக ஒரு பகடைதான் தேறும். இணைப்போடு நிற்கும் காவலாளிக்கு சராசரி ஒன்றரை. ஆயுள் முழுக்கப் பெற்ற பயிற்சியை ஓர் அறுவை சிகிச்சை முந்திவிடுகிறது.

கிட்டத்தில் வந்தால் கதை மாறும். போராளிக்கு 4 போதும்; ஆறு பகடையில் சராசரி மூன்று. காவலாளிக்கு 2 போதும். மூன்று பகடையில் சராசரி இரண்டரை. இங்கே பழகிய கை இன்னும் முன்னால்தான். தொலைவுதான் கருவியின் களம் என்பதை இந்த விதி சரியாகவே பிடித்தது. தூரம் அளப்பதும் தோட்டாவின் இறக்கத்தைக் கணக்கிடுவதும் கணினிக்கு எளிது. மூன்றடி தூரத்துக் கைகலப்பில் கணக்குக்கு வேலை இல்லை. ஆனாலும் கருவிக்குக் கொடுத்த வலு அதிகம். ஸ்மார்ட்லிங்க் இருந்தால் இவ்வளவு லாபம் என்றால், துப்பாக்கி ஏந்தும் எந்தப் பாத்திரமும் அது இல்லாமல் வெளியே கிளம்பாது. எல்லாரும் வாங்கியே தீரவேண்டிய பொருள் பிறகு தேர்வாக இருப்பதில்லை. அது நுழைவுக் கட்டணம் ஆகிவிடுகிறது.

‘கர்ப்ஸ்’ நேர் எதிர்த் திசையில் நின்றது. மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை, திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழவேண்டும். தூரம் கூடக்கூடத் திறனிலிருந்து கழியும். 100 கெஜத்தில், அதாவது 90 மீட்டர் சொச்சத்தில், 10 கழிந்துவிடும். இந்த விளையாட்டின் அழகு, ஆயுதத்தின் துல்லியத்தை மனிதரின் திறனிலிருந்து பிரித்து வைத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு துல்லிய எண் உண்டு. அந்த எண் சும்மா கிடைக்காது. ஒரு நொடியாவது நின்று குறி பார்த்தால்தான் அது திறனோடு சேரும். இன்னும் இரண்டு நொடி பார்த்தால் மேலும் 2. துப்பாக்கியை எதன்மேலாவது ஊன்றினால் 1. தொலைநோக்கி தரும் கூட்டலும் குறி பார்த்துக் காத்திருப்பவருக்குத்தான்.

பயிற்சி பெற்ற சிப்பாய்க்குத் திறன் 14 என்று வைப்போம். துல்லியம் 5 உள்ள துப்பாக்கியை மணல்மூட்டையில் ஊன்றி, மூன்று நொடி குறி பார்த்து 100 கெஜத்தில் சுடுகிறார். 14இல் 10 போய் 4. அதோடு 5, 2, 1 சேர்ந்தால் 12. வெற்றி வாய்ப்பு 74 சதவீதம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத சராசரி மனிதருக்கு இந்த விளையாட்டு தரும் திறன் 6. அவரும் அதேபோல ஊன்றி, அதே மூன்று நொடி குறி பார்த்தால் கிடைப்பது 4. வாய்ப்பு 2 சதவீதம்கூட இல்லை. அவருக்கு 3 கூட்டும் தொலைநோக்கியைக் கொடுத்தாலும் 7தான். வாய்ப்பு 16 சதவீதம். கருவி வைத்திருக்கும் புதியவர் 16இல் நிற்க, கருவியே இல்லாத பழகியவர் 74இல் நிற்கிறார். அதே தொலைநோக்கி சிப்பாயிடம் போனால் வாய்ப்பு 95 ஆகிறது.

இரண்டு விளையாட்டுகளும் ஒரே கேள்விக்கு எவ்வளவு மாறுபட்ட விடை தருகின்றன! ஒன்றில் கருவி பயிற்சியை முந்துகிறது. இன்னொன்றில் பயிற்சியின் பின்னால் வருகிறது. இதில் ‘கர்ப்ஸ்’ சொல்வதில்தான் துப்பாக்கியின் உண்மை அதிகம் இருக்கிறது. முக்கியமான காரணம், அது கருவிக்கு நேரத்தை விலையாகக் கேட்கிறது. மூன்று நொடி குறி பார்ப்பவர் அந்த மூன்று நொடியும் எதிரியின் பார்வையில் இருக்கிறார். நிற்கலாமா, உடனே சுட்டுவிட்டுப் பதுங்கலாமா என்ற முடிவு ஆட்டக்காரருடையது. கருவி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த முடிவை அது எடுத்துத் தராது.

2013இல் வந்த ‘ஷேடோரன்’ ஐந்தாம் பதிப்பு, முதல் பதிப்பின் விதியை முழுவதுமாக மாற்றி எழுதியது. இலக்கு எண் இப்போது மாறுவதில்லை. 5 அல்லது 6 விழுந்தால் ஒரு வெற்றி. சுறுசுறுப்பும் பயிற்சியும் சேர்ந்து பகடைகளின் எண்ணிக்கையைத் தரும். புதிதாக வந்தது வரம்பு. எத்தனை வெற்றி விழுந்தாலும், துப்பாக்கியின் துல்லிய எண்ணுக்கு மேல் கணக்கில் வராது. ஏரீஸ் பிரடேட்டர் என்ற பெரிய கைத்துப்பாக்கியின் வரம்பு 5. ஸ்மார்ட்கன் இணைப்போடு 7. இணைப்பைக் கம்பியில்லா வலைக்குத் திறந்துவிட்டால் பகடையும் கூடும்: கண்ணாடியாக அணிந்தால் 1, உடலிலேயே பொருத்தியிருந்தால் 2.

ஆறு பகடை எடுக்கும் புதியவருக்குச் சராசரியாக இரண்டு வெற்றி விழும். அவருக்கு 5 என்ற வரம்பு இருப்பதே தெரியாது. ஆறும் வெற்றியாக விழ 729இல் ஒரு வாய்ப்பு. வரம்பை 7 ஆக உயர்த்துவதால் அவருக்கு எதுவும் ஆகப்போவதில்லை. கூடுதல் பகடைதான் அவருக்கு உதவி. பதினெட்டு பகடை எடுக்கும் தேர்ந்தவருக்குச் சராசரியே ஆறு. சாதாரணத் துப்பாக்கி அவரை 5இல் பிடித்து நிறுத்துகிறது. நல்ல கையில் மட்டமான ஆயுதம் இருந்தால் வரும் தவிப்பு இந்த ஒரு விதியில் அப்படியே இருக்கிறது. வரம்பு 7 ஆனதும் அவர் கை விடுபடுகிறது. கருவி தொடக்கக்காரருக்கு ஊன்றுகோல், தேர்ந்தவருக்குத் திறந்த கதவு என்று ஒரே விதி இரண்டு வேலை செய்கிறது. இந்த வகை விதிகளில் இதைவிடக் கூர்மையானதைக் காண்பது அரிது. கூட்டிக் கழிக்க நேரம் பிடிக்கிறது என்பது மட்டும் குறை. 2019இல் வந்த ஆறாம் பதிப்பு இந்த வரம்பைக் கைவிட்டுவிட்டது.

அதே ஐந்தாம் பதிப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூடுதல் பகடை வேண்டுமென்றால் இணைப்பைத் திறந்து வைக்கவேண்டும். திறந்த இணைப்பில் எதிரிக் குழுவின் கணினித் திருடர் நுழையலாம், கருவியை முடக்கலாம். குறி பார்க்கும் வேலையைக் கணினிக்குக் கொடுத்தால் கணினியின் நோய்களும் கூடவே வரும். இது மேசையோடு நிற்கவில்லை. 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் டிராக்கிங்பாயின்ட் துப்பாக்கியின் வைஃபை வழியே உள்ளே போய், தோட்டாவின் எடை என்று பதிந்திருந்த எண்ணை மாற்றிக் காட்டினார்கள். கணினி தன் கணக்கைச் சரியாகவே போட்டது; தோட்டா பக்கத்து இலக்கில் போய்ப் பட்டது. துப்பாக்கி சுடாமலிருக்கும்படி செய்யவும் அவர்களால் முடிந்தது. தாங்களாகவே சுடவைக்க மட்டும் முடியவில்லை, ஏனென்றால் விசையை ஒரு மனித விரல் இழுத்தாகவேண்டும்.

கருவி முடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில் பெரும்பாலான விதிநூல்கள் அவசரப்பட்டுவிடுகின்றன. கூட்டல் போய்விட்டது, பழைய திறன் அப்படியே இருக்கிறது என்று முடித்துவிடுகின்றன. முதல் நாளிலிருந்தே கண்ணுக்குள் புள்ளி காட்டும் துப்பாக்கியில் மட்டும் கற்றவருக்குத் தூரத்தைக் கண்ணால் அளக்கவோ காற்றுக்கு ஒதுக்கம் விடவோ எப்படித் தெரியும்? அவருடைய 6 என்ற எண், கருவியோடு சேர்ந்துதான் 6. பழக்கமில்லாத ஆயுதத்தை எடுத்தால் 2 கழியும் என்று ‘கர்ப்ஸ்’ சொல்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் அதையே நீட்டி, கருவி இறந்த துப்பாக்கியும் பழக்கமில்லாத ஆயுதம்தான் என்று தீர்ப்பளிக்கலாம். மலைக்காட்டில் சாதாரணத் துப்பாக்கியில் கற்ற பாத்திரம் அந்த நொடியில் நகரத்துக் கூலிப்படை ஆளைவிட உயர்ந்து நிற்கும். அப்படி ஒரு காட்சி மேசையில் நிகழ்ந்தால் ஆட்டக்காரர்கள் அதை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தோட்டாவே இலக்கைத் தேடிப்போகும் நிலை வந்தால் கணக்கு வேறு. ‘கர்ப்ஸ்’ விளையாட்டில் தானே தேடிச்செல்லும் ஏவுகணைக்கு அதன் சொந்தத் திறன் எண் உண்டு, பொதுவாக 10. ஏவியவர் குறியைச் சரியாகப் பூட்டினாரா என்பதற்குத்தான் அவருடைய பகடை. பூட்டினால் ஏவுகணைக்கு அதன் துல்லிய எண் சேரும். அதன்பின் மோதுவதா தவறுவதா என்பது ஏவுகணையின் பாடு. ‘சைபர்பங்க் ரெட்’ விளையாட்டிலும், மயிரிழையில் தவறிய அறிவுத் தோட்டா மறுபடி ஒருமுறை தானே முயன்று பார்க்கும். அந்த இரண்டாம் முயற்சியில் சுட்டவரின் பயிற்சி சேராது.

‘ஷேடோரன்’ ஐந்தாம் பதிப்பின் டிரோன்கள் இதற்கும் ஒரு படி அப்பால் நிற்கின்றன. டிரோனில் பொருத்திய துப்பாக்கியைத் தொலைவிலிருந்து இயக்குபவர் தன் சுறுசுறுப்புக்கான பகடைகளை எடுப்பதில்லை. தர்க்க அறிவுக்கான பகடைகளைப் பீரங்கிப் பயிற்சியோடு சேர்த்து எடுக்கிறார். சக்கர நாற்காலியில் இருப்பவரோ கை நடுங்கும் முதியவரோ அந்த மேசையில் மிகச் சிறந்த சுடுநராக இருக்கமுடியும். டிரோனைத் தன் போக்கில் விட்டுவிட்டால் அதுவும் இல்லை. இயந்திரத்தின் ஓட்டுநர் எண்ணும், அதில் ஏற்றிய குறிபார்ப்பு மென்பொருளின் தர எண்ணும் கூடி அத்தனை பகடை உருளும். சொந்தக்காரரின் தாளில் துப்பாக்கித் திறன் 1 என்று எழுதியிருந்தாலும் 6 என்று எழுதியிருந்தாலும் அந்தப் பகடைகளின் எண்ணிக்கை மாறாது.